நாலு இழுப்பில் தண்ணீர்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நான், உன் அத்தான், இரண்டு ஆடு, எல்லோரும் சௌக்கியம். உன் முதுகுவலியும் உன் மனைவியின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். விஷயத்துக்கு வருகிறேன். ஜெயித்துவிட்டோமடா! எங்கள் ஊருக்குக் குப்பைக் கிடங்கு வராது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் கல் உடைத்த பள்ளம் இருக்கிறதே, நாற்பதடி ஆழம், அதில் நகரத்துக் குப்பையைத் தினம் அறுபது லாரி கொண்டுவந்து கொட்டப்போவதாகப் போன மாதம் நோட்டீஸ் ஒட்டினார்கள். பள்ளத்துக்கும் எங்கள் கிணற்றுக்கும் நடுவில் ஒரு வேலிதான். நாற்பது வீடு அந்தத் தண்ணீரைக் குடிக்கிறது. சனிக்கிழமை பள்ளிக்கூட ஹாலில் கருத்துக் கேட்கும் கூட்டம். எங்கள் தலைவர் இருபது நிமிஷம் பேசி, தான் பேச வந்தது ஆதரவா எதிர்ப்பா என்பதையே மறந்து உட்கார்ந்தார். டெய்லர் ஆவேசமாக எழுந்து தட்டியதில் மைக் செத்துப்போனது; மைக்குக்கு உயிர் வந்தபோது ஆவேசம் போயிருந்தது. அப்புறம் மேடையில் இருந்த அதிகாரி, "பயப்படாதீங்க, கோடையில துளை போட்டுப் பாத்தாச்சு. தண்ணி நூறடிக்குக் கீழ இருக்கு. குப்பைக்கும் உங்க தண்ணிக்கும் சம்பந்தமே இல்ல" என்றார். எங்கிருந்து தைரியம் வந்ததோ, எழுந்துவிட்டேன். "சார், மழைக்காலத்துல எங்க கிணத்துல நாலு இழுப்புல தண்ணி வருது!" அவர் சிரித்துக்கொண்டே, "எழுத்துல ஏதாவது இருக்காம்மா?" என்றார். "இருக்கு" என்றேன். உன் அத்தான் கையைப் பிடித்து இழுத்து, "ஏய், உக்காரு. உங்கிட்ட என்னடி இருக்கு?" என்றார்.

இருந்தது. தினமும் காலையில் முதல் வாளித் தண்ணீர் இறைக்கும்போது, கயிற்றின் ஒரு இழுப்புக்கு ஒரு தடவை கடவுள் பெயரைச் சொல்வேன். எத்தனை தடவை சொன்னேன் என்று தேதி போட்டு நோட்டில் எழுதுவேன். அவர் கேட்கும் நாளில் கணக்குச் சொல்ல வேண்டாமா? இருபத்திரண்டு வருஷக் கணக்கு. கோடையில் பதினெட்டு, பத்தொன்பது. மழைக்காலம் வந்தால் நாலு, ஐந்து என்று இறங்கிவிடும். மழை பெய்தால் நமக்குப் பக்தி குறைகிறதே என்று எத்தனை நாள் அழுதிருக்கிறேன்! அது தண்ணீரின் கணக்கு என்பது அந்த நிமிஷம்தான் எனக்கே உறைத்தது. ஓடிப்போய் இருபத்திரண்டு நோட்டையும் துணி துவைக்கும் பேசினில் அடுக்கித் தலையில் வைத்துக் கொண்டுவந்து மேடையில் இறக்கினேன்.

அதிகாரியின் பக்கத்தில் இருந்த இன்ஜினீயர் பெண் ஒரு நோட்டைப் பிரித்து மைக்கில் வாசிக்க ஆரம்பித்தாள். அங்கேதான் விபரீதம். ஒவ்வொரு வரியின் கடைசிக் கட்டத்தில் அன்றன்றைய பாவத்தையும் எழுதி வைப்பேன் என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. "நாமம் நாலு. பாவம்: தலைவர் வீட்டுக் கோழி நம் வேலிக்குள் முட்டையிட்டது, சொல்லவில்லை." "நாமம் ஐந்து. பாவம்: டெய்லர் தைத்த சட்டை நன்றாக இருப்பதாகச் சொன்னேன்." "நாமம் நாலு. பாவம்: அவர் பாடினார். தூங்குவதுபோல் நடித்தேன்." ஹாலே குலுங்குகிறது. தலைவர் எழுந்து மைக் இல்லாமலே, "எத்தனை முட்டைம்மா?" என்கிறார். நான் கூசிப்போய், "தாயி, அந்தக் கட்டத்த மட்டும் விட்டுடும்மா" என்று கெஞ்சினேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "இல்லம்மா. இதையே மறைக்காம எழுதினவங்க மத்த கட்டத்துல பொய் எழுதியிருக்க மாட்டாங்க. எல்லாமே பதிவாகணும்." எல்லாமே பதிவானது.

பிறகு கூட்டமே கிணற்றடிக்கு வந்தது. நான் இழுக்க, அவள் டேப் பிடித்து அளந்தாள். ஒரு இழுப்பு இரண்டேகால் அடி. நாலு இழுப்பு ஒன்பதடி. பள்ளமோ நாற்பதடி. "சார், மழைக்காலத்துல குப்பை தண்ணிக்குள்ளதான் ஊறும்" என்றாள். அதிகாரி கழுத்தைத் துடைத்துக்கொண்டு, துளை போட்டது மேட்டுப் பக்கம் என்று ஒப்புக்கொண்டார். நேற்று தபால் வந்துவிட்டது, திட்டம் கைவிடப்பட்டது என்று! தலைவர் அதை மூன்று தடவை உரக்க வாசித்தார். முட்டைகளை ஊர் சார்பில் மன்னித்தும் விட்டார். டெய்லர் எனக்குப் புதுச் சட்டை தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், கடவுள்தான் காப்பாற்ற வேண்டும். உன் அத்தான் சனிக்கிழமையிலிருந்து பாடவில்லை. அதுவும் அவன் செயல்.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். நீங்கள் எல்லோரும் நல்ல தண்ணீரும் நல்ல தூக்கமுமாக நூறு வயசு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது அந்த இன்ஜினீயர் பெண் வந்தாள். நோட்டு முழுவதையும் படித்துவிட்டாளாம். நாலு வருஷம் முன்னால் மழைக்காலத்தில் உன் வீட்டில் ஒன்பது நாள் தங்கி உங்கள் கிணற்றில் இறைத்தேனே, அந்தப் பக்கத்தில் தினமும் நாமம் அறுபது. 'தம்பி ஊரில் பக்தி பெருகுகிறது' என்று சந்தோஷமாக வேறு எழுதியிருக்கிறேன். மழையிலும் தண்ணீர் இத்தனை ஆழத்தில் இருக்கும் ஊர் சுற்றுவட்டாரத்திலேயே கிடையாதாம். மேலிடத்தில் குப்பைக் கிடங்குக்கு உங்கள் ஊரைக் குறித்துவிட்டார்கள். புதன்கிழமை அளக்க வருகிறார்கள். கணக்கைத் திருத்தச் சொல்லாதே, அது என்னால் ஆகாது. ஆனால் லாரி வரும் வழியில் உட்காருவது பாவமா என்று கடவுளிடம் கேட்டேன், மறுப்பு ஒன்றும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் நாற்பது வீட்டுப் பெண்களும் வருகிறோம். படுக்க இடம் பார்த்து வை.