படகில் எருமை வேண்டாம்

சோபத் சிங் ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். இந்தக் கார்த்திகையில் பெண்டாட்டி தன் பேச்சைக் கேட்டே ஆகவேண்டும். வீட்டில் இல்லை. வீட்டில் அது நடக்காது என்று அவனுக்கே தெரியும். கங்கையில், ரப்பர் படகில்.

சுற்றுலா வருகிறவர்களை அலைமேல் கூட்டிப்போகிற கைடு அவன். படகில் கைடு வைத்ததுதான் சட்டம். சோபத் சிங் போடு என்றால் போலீஸ் அதிகாரியும் துடுப்புப் போடுவார். குனி என்றால் கோடீஸ்வரனும் குனிவான். ஆற்றில் அப்படி இருக்கிற மனுஷன், மேடேறி வீட்டுப்படியை மிதித்ததும் பால் சொம்பைக் கழுவிக் கவிழ்ப்பான்.

விவகாரம் ஒரு எருமை. வீட்டில் ஏற்கெனவே ஒன்று உண்டு. மேல் கிராமத்து அண்ணனுடைய எருமையும் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள் சுரேசி. வீட்டில் காசு கொடுத்துத் தங்குகிற விருந்தாளிகளின் கேழ்வரகு ரொட்டிக்கு வெண்ணெய் போதவில்லையாம். மழைக்காலத்தில் ஆறு பொங்கிப் படகெல்லாம் கரையேறிக் கிடந்தபோது, அந்த ஒற்றை எருமைக்கே சோபத் சிங் புல் சுமந்தான். அந்த மலையில் புல் அறுப்பது பெண்கள் வேலை. டீக்கடையைத் தாண்டினால், "வாங்க அண்ணி, இன்னைக்கு ஒரு கட்டுதானா?" என்பார்கள். இன்னொரு எருமை வந்தால் அந்தக் கடைப் பக்கமே தலைகாட்ட முடியாது.

அந்தச் சமயம் லக்னோவிலிருந்து ஒரு பாங்கி ஊழியர் கூட்டம் வீட்டில் தங்கியிருந்தது. முதல் நாள் கிராம நடை, மறுநாள் படகு. நடை என்றால் நெஞ்சு முட்டும் ஏற்றம். போகிற போக்கில் புல் அறுத்துவரச் சொல்லி சுரேசி அவனிடம் அரிவாளையும் கொடுத்தனுப்புவாள். சோபத் சிங் விடிந்ததுமே முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"எந்தக் கால்?" என்றாள் சுரேசி.

"இடது."

"நேத்து வலதைத் தேய்ச்சீங்க."

"வலி நடந்து இந்தப் பக்கம் வந்திருச்சு."

"வலியாவது நடக்குதே. சரி, நானே கூட்டிட்டுப் போறேன்."

சாயங்காலம் கூட்டம் சேறும் சிரிப்புமாகத் திரும்பியது. மிஸ்ரா என்று ஒரு மேனேஜர், வயிறு முன்னால் வர அவர் பின்னால் வருகிற ஆள். தோளில் ஒரு கயிற்றைப் போட்டுக்கொண்டு, "அண்ணி சொன்னா மலையையே தள்ளுவோம்" என்றார். எதைத் தள்ளினார்கள் என்று சோபத் சிங் கேட்கவில்லை. அவன் நினைப்பு ஆற்றில் இருந்தது. கூட்டத்தில் ஒருவருக்குக் கால் வீங்கிவிட்டது. படகில் ஓர் இடம் காலி. ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றான்.

"நீயும் வாயேன் சுரேசி. ஆள் குறைஞ்சா படகு ஒரு பக்கமாச் சாயும்."

"நான் ஏறினா எந்தப் பக்கம் சாயும்?"

"கைடு சொல்றபடி கேட்டா சாயாது."

"கேட்டாப் போச்சு," என்றாள்.

இத்தனை சுலபமாக ஒத்துக்கொண்டபோதே அவன் சுதாரித்திருக்க வேண்டும்.

மறுநாள் மணலில் எல்லோரும் ஹெல்மெட் மாட்டி வட்டமாக நின்றார்கள். துடுப்பைத் தூக்கிச் சத்தியம் செய்தார்கள்: கைடு சொல்வதைக் கேட்போம், ஏன் என்று கேட்கமாட்டோம். சுரேசியும் தூக்கினாள். அக்கினியை ஏழு சுற்றுச் சுற்றி வந்தபோதுகூட அவனுக்கு இப்படி ஒரு வாக்கு வாய்த்ததில்லை.

சின்னச் சின்ன அலைகளைத் தாண்டிப் படகு அமைதியான நீருக்கு வந்தது. சோபத் சிங் தொண்டையைக் கனைத்தான்.

"சுரேசி, படகுல யார் பேச்சு?"

"கைடு பேச்சு."

"எல்லாரும் கேட்டுக்கோங்க. கைடாச் சொல்றேன். இன்னொரு எருமை வேண்டாம்."

மிஸ்ரா சுரேசியின் முகத்தைப் பார்த்தார்.

"சரிங்க," என்றாள் அவள். "கைடு சொன்னா மறுபேச்சு இல்ல. படகுல எருமை வேண்டாம்."

"படகுல இல்ல. வீட்ல."

"வீட்டுக்கு நீங்க கைடு இல்லையே."

அதற்குள் வளைவுக்கு அப்பாலிருந்து இரைச்சல் வந்தது. அங்கே இருக்கிற பெரிய அலைக்குக் கைடுகள் வைத்த பெயர் மாமியார். ஆள் தெரியுமுன் சத்தம் வரும். நேருக்கு நேர் போனால் பிழைக்கலாம், பக்கவாட்டில் சிக்கினால் கவிழ்த்துவிடும்.

"முன்னால போடு," என்றான் சோபத் சிங்.

ஒரு துடுப்பும் அசையவில்லை.

"போடுங்க சார்."

"ஒரு விஷயம் அண்ணே," என்றார் மிஸ்ரா. "அந்த எருமைமேல உங்களுக்கு என்ன கோபம்? குணமான எருமை."

"அதை நீங்க எங்கே பார்த்தீங்க?"

"அதை விடுங்க. வேண்டாம்னா வேண்டாந்தானா?"

படகு மெல்லப் பக்கவாட்டில் திரும்பியது. மாமியார் வெள்ளைப் பல்லைக் காட்டினாள்.

"சுரேசி, போடச் சொல்லு."

"நானா? நான் சும்மா கூட வந்தவ. கைடுதான் சொல்லணும்."

"வரட்டும். எருமை வரட்டும். போடுங்க."

சுரேசி லேசாகத் தலையை அசைத்தாள். அத்தனை துடுப்பும் ஒன்றாகத் தண்ணீரில் விழுந்தன. அவன் படகோட்டிய காலத்தில் ஒரு கூட்டமும் இவ்வளவு ஒழுங்காகத் துடுப்புப் போட்டதில்லை.

கரையேறியதும் சோபத் சிங்குக்கு உயிர் வந்தது. உயிரோடு புத்தியும் வந்தது.

"தண்ணில சொன்னது தண்ணியோட போச்சு. எருமை மேல் கிராமத்துல நிக்குது. அந்த இறக்கத்துல அதை யார் ஓட்டிட்டு வர்றாங்கன்னு பார்க்கிறேன்."

மிஸ்ரா ஹெல்மெட்டைக் கழற்றினார். "நேத்தே ஓட்டிட்டு வந்தாச்சு அண்ணே. முன்னால அண்ணி இழுத்தாங்க, பின்னால நாங்க தள்ளினோம். நீங்க பார்த்துடக் கூடாதுன்னு வயல் வழியாவே வந்தோம். பக்கத்து வீட்டுத் தொழுவத்துலதான் நிக்குது."

சோபத் சிங் பெண்டாட்டியைப் பார்த்தான். "எல்லாம் முடிச்சிட்டு, படகுல எதுக்கு ஏறினே?"

"உங்க சம்மதம் இல்லாம நம்ம வீட்ல கட்டலாமா? நாளைக்கு ஊர் என்னைத்தானே பேசும். நீங்க வாயைத் திறந்து முடிவு சொல்ற ஒரே இடம் இந்தப் படகுதான். அதான் ஏறினேன்."

அடுத்து வந்த கூட்டத்தை சோபத் சிங்கே கிராம நடைக்குக் கூட்டிப் போனான். முழங்காலைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. திரும்பும்போது முதுகில் இரண்டு எருமைக்கான புல். டீக்கடை வாசலில், படகுக் கதையைக் கேட்டிருந்த எல்லோரும் டம்ளரைத் துடுப்புபோலத் தூக்கிப் பிடித்தார்கள். அவன் கால் தயங்கியது.

"முன்னால போடு," என்றாள் பின்னால் வந்த சுரேசி.

ஏன் என்று அவன் கேட்கவில்லை.