சிக்னல் சாமியாரின் செப்புத் தகடு

சிக்னல் சாமியார் வருகிறார் என்றால் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்டுக்கு மூச்சு வாங்கும். படியெல்லாம் கூட்டம். பல் டாக்டர் நிற்கிறார், வக்கீல் நிற்கிறார், பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எல்லாருக்கும் ஒரே வியாதி: சாயங்காலமானால் வீட்டில் இன்டர்நெட் செத்துப்போகிறது.

சாமியாரின் முதல் வருகை இலவசம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ரவுட்டர் பெட்டியைத் தூக்கி, தலையும் அடியுமாக முறைத்துப் பார்ப்பார். "ஜாதகம் பாக்கணும். வைஃபை பாஸ்வேர்டு சொல்லுங்க" என்பார். பெண்டாட்டியிடம் மறைப்பதையே அவரிடம் ஒப்பிக்கிற பக்தர்கள், இதையா மறைப்பார்கள்? போர்த்தியிருக்கும் காவிப் போர்வைக்குள் கைவிட்டு, கண்ணை மூடி முணுமுணுப்பார். "கிரகம் சரியில்லை. சீக்கிரமே தெரியும்" என்று போய்விடுவார். மறுநாளே நெட் செத்துவிடும். ஆகா, வாக்குப் பலித்ததே! அப்புறமென்ன, பெட்டியின் தலையில் செப்புத் தகடு, அதற்குக் காணிக்கை, மாதாமாதம் தகட்டுக்குச் சக்தி ஏற்ற இன்னொரு காணிக்கை. தெய்வசக்திக்கும் மாதச் சந்தா வந்துவிட்ட காலம்.

இந்த மகானைக் கூட்டிவந்த பெருமை குடியிருப்புச் சங்கத்தின் செயலாளருடையது. மனிதர் அதை நெற்றியில் எழுதி ஒட்டாத குறைதான். ஊருக்கே நெட் வாங்கிக் கொடுத்தவரால் வீட்டில் மட்டும் மரியாதை வாங்க முடியவில்லை. மனைவி கணக்கு டீச்சர். வீட்டிலிருந்தபடியே சாயங்காலங்களில் கம்ப்யூட்டர் வழியாகப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவள்.

ஒருநாள் தூசி துடைக்கையில் அவள் தங்கள் வீட்டு ரவுட்டர்மேல் இருந்த தகட்டை எடுத்துத் துணி அலமாரியில் போட்டுவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. நாள்கள் ஓடின. நெட்டும் ஓடியது. அலமாரியில் சட்டை தேடியபோது தகடு செயலாளர் கையில் அகப்பட்டது. பக்கத்து வீட்டுக்கு வந்திருந்த சாமியாரிடம் நேரே ஓடி விஷயத்தைக் கொட்டினார்.

அன்று சாயங்காலம் பாதி வகுப்பில் நெட் போயிற்று.

"பாத்தியா? தகடு கோவிச்சுக்கிச்சு!" என்றார் செயலாளர், பயமும் வெற்றியுமாக.

"அலமாரியில கெடந்தப்பல்லாம் கோவம் வரலையே. நீங்க போய்ச் சொன்னப்புறம்தான் வந்துச்சா?"

"சாமி விஷயத்துல குதர்க்கம் பேசாதே."

"இன்னொரு வகுப்பு நின்னா வேற டீச்சரைப் பாத்துக்கறோம்னு பிள்ளைங்களோட அப்பா அம்மாவெல்லாம் சொல்லிட்டாங்க. என் வேலை போனா உங்க தகடா வந்து பாடம் எடுக்கும்?"

அவள் ரவுட்டர் பெட்டியைத் தலைகீழாகத் திருப்பினாள். அடியில் ஒட்டியிருந்த சீட்டில், பெட்டியின் அமைப்புகளைத் திறக்கும் முகவரியும் கடவுச்சொல்லும் பளிச்சென்று இருந்தன. வாங்கிய நாளிலிருந்து யாரும் அதை மாற்றவில்லை. கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். சற்று நேரம் படித்தாள். சிரித்தாள்.

"நாளைக்குச் சாயங்காலம் உங்க சாமியாரைப் பரிகாரத்துக்கு வரச் சொல்லுங்க. எல்லாரையும் கூப்பிடுங்க."

மனைவிக்குப் புத்தி வந்துவிட்டதென்று செயலாளர் நெகிழ்ந்துபோனார்.

மறுநாள் செயலாளர் வீட்டு வரவேற்பறை நிரம்பி வழிந்தது. தொலைக்காட்சியில் வீடியோ ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் கைகட்டி நின்றாள். "சாமி, தகடு இல்லாமலே நெட் ஓடுது. உங்க சக்தியால இதை நிறுத்திக் காட்டுங்க."

சாமியார் புன்னகைத்தார். கை போர்வைக்குள் போயிற்று. கண் மூடியது. உதடு அசைந்தது. வீடியோ நின்றது!

"ஐயோ!" என்று அலறினார் பேராசிரியர். செயலாளர் சாஷ்டாங்கமாக விழுந்தார். "மன்னிச்சிருங்க சாமி, இவ தெரியாம பேசிட்டா!"

டீச்சர் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினாள். வீடியோ மறுபடி ஓடியது. "அருமை சாமி. இன்னொரு தடவை நிறுத்துங்க. ஆனா இந்தத் தடவை கையில இருக்கிற போனை மேசைமேல வெச்சிட்டு."

"போனா? ஏது போன்?"

போர்வைக்குள் போன் மணி அடித்தது. கூட்டத்தில் பின்னால் நின்ற வக்கீல் தன் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "நான்தான் கூப்பிடறேன் சாமி. எடுங்க" என்றார்.

போன் மேசைக்கு வந்தது. சாமியார் கண்ணை மூடினார். முணுமுணுத்தார். உறுமினார். வேர்த்தார். வீடியோ பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

டீச்சர் போனை எடுத்து எல்லாருக்கும் காட்டினாள். அவள் கம்ப்யூட்டரில் இருந்த அதே பக்கம். "இது நம்ம ரவுட்டரோட அமைப்பு. வைஃபை பாஸ்வேர்டு நீங்களே குடுத்தீங்க. பெட்டிக்குள்ள நுழையற பாஸ்வேர்டு அடியிலயே ஒட்டியிருக்கு. 'சாயங்காலம் நெட்டை நிறுத்து'ன்னு இவர் உள்ள எழுதி வெச்சார். காணிக்கை குடுத்தா அதை அழிச்சார். கிரகம் இவர் விரல் நுனியில இருக்கு."

தரையில் கிடந்த செயலாளர் மெல்ல எழுந்தார். முகத்தில் ஈயாடவில்லை. நான்தானே கூட்டிவந்தேன் என்று நெஞ்சு குறுகுறுத்தது. கதவருகே நழுவிய சாமியாரின் போர்வையை முதலில் எட்டிப் பிடித்தவர் அவர்தான். "வாங்கின காணிக்கையை வெச்சிட்டுப் போங்க. இல்லேன்னா போலீஸ் வந்து ஜாதகம் பாக்கும்."

கூட்டம் டீச்சரைச் சூழ்ந்தது. பல் டாக்டர் முந்திக்கொண்டார். கண்ணில் பழைய பக்தி அப்படியே இருந்தது. "டீச்சரம்மா, எங்க வீட்டுப் பெட்டியிலயும் நீங்களே கையை வெச்சுக் குடுத்துருங்க. உங்க கைராசி அப்படி!"

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டாள். "என்கிட்ட இருக்கிற அதே கை உங்ககிட்டயும் இருக்கு, டாக்டர். கழுத்துக்கு மேல ஒண்ணு வெச்சிருக்கீங்களே, அது என்ன, தகடு வைக்கிற இடமா?"