ஓரின் டட்டிலின் ஒட்டுமீசை

துப்பறியும் சிங்கம் என்றொரு பிராணி உண்டு. போலீஸ் ஸ்டேஷன் பக்கம் இது தலைகாட்டாது. காட்டினால் வாசலிலேயே விரட்டிவிடுவார்கள். ஆகையால் நம் வீடுகளைச் சுற்றியே திரியும். நீங்கள் ஒரு கதவைச் சாத்தினால் இதற்கு மூக்கு வேர்க்கும். இரண்டு பேர் தணிந்த குரலில் பேசினால் சதி. யாருமே பேசவில்லையா? அது இன்னும் பெரிய சதி.

அமெரிக்காவில், மிசௌரி மாநிலத்தில், எங்கள் ஊர் ஊமைப்படக் கொட்டகையில் படம் ஓட்டுகிற ஓரின் டட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். போன கோடையில் ஒரு சிரிப்புப் படம் வந்தது. துப்பறிவாளனாக ஆசைப்பட்டு, தொட்டதையெல்லாம் சொதப்புகிற ஓர் அசட்டைப் பற்றியது. ஊரே வயிறு வலிக்கச் சிரித்தது. ஓரின் சிரிக்கவில்லை, பாடம் படித்தான். சீக்கிரமே பூதக்கண்ணாடியும் செக்கச்செவேலென்று ஓர் ஒட்டுமீசையும் தபாலில் வந்தன. தெருவில் எல்லோரும் "என்ன ஓரின், சௌக்கியமா?" என்பார்கள். அவன் குரலை மாற்றிக்கொண்டு பதில் சொல்வான்.

இந்தச் சிங்கத்துக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் ஸெல்மா ஹாஸ்கின்ஸ், அதே கொட்டகையில் திரைக்குக் கீழே உட்கார்ந்து பியானோ வாசிப்பவள். வியாழக்கிழமைதோறும் அவள் சர்ச்சின் பின்னறைக்குப் போனாள். ஓரின் கதவைத் தட்டினால் உள்ளே சளசளவென்றிருந்த பேச்சு நின்றுவிடும். திறக்கிற பெண் எதையோ முதுகுக்குப் பின்னால் மறைப்பாள்.

எங்கள் ஊரில் பால்குடி மறக்காத குழந்தைக்குக்கூடத் தெரியும்: கல்யாணப் பெண்ணுக்குத் தோழிகள் கூடி ஒட்டுத்துணிப் போர்வை தைப்பார்கள், மாப்பிள்ளை கண்ணில் அது படக்கூடாது. ஆனால் ஊருக்கே தெரிந்தது ஒரு துப்பாகுமா? சிங்கம் பிடித்த துப்பு வேறு: ஸெல்மாவின் பாவாடையில் ஒட்டியிருந்த நீல நூல். ஊரில் நீலக் கோட்டுப் போடுகிறவன் தபால்காரன் வெர்ஜில். தீர்ந்தது கேஸ்.

சனிக்கிழமை, கொட்டகை நிறைந்த கூட்டம். "பெண்மணிகள் தொப்பியைக் கழற்றவும்" என்கிற வழக்கமான கண்ணாடிச் சிலைடுக்கு அடுத்து இன்னொன்று திரையில் விழுந்தது: "பியானோக்காரியும் தபால்காரனும் வியாழக்கிழமை செய்வது என்ன?"

பியானோ நின்றது. ஸெல்மா எழுந்து, ஓரின் படம் ஓட்டுகிற மேலறையின் ஜன்னலைப் பார்த்தாள்.

"ஓரின், அந்த மீசையைப் பிச்சுப் போட்டுட்டுக் கீழ வா."

"முதல்ல பதில் சொல்லு. அந்த நீல நூல் யாரோடது?"

முன்வரிசையில் அவன் அம்மா எழுந்தாள். "என்னோடதுடா, மடையா. உன் கல்யாணப் போர்வைக்கு நான்தான் ஓரம் அடிக்கிறேன்."

கூட்டம் சிரித்தது. ஸெல்மா சிரிக்கவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்க உனக்கு வாய் வரல. ஊருக்கெல்லாம் எழுதிக் காட்ட மட்டும் கை வந்துச்சா?" மோதிரத்தைக் கழற்றிப் பியானோமேல் வைத்துவிட்டு வெளியே போனாள்.

ஜன்னலில் ஓரினின் முகம் தெரிந்தது, மீசை ஒரு பக்கம் தொங்கியபடி. "துப்பெல்லாம் சரியாத்தானே இருந்துச்சு," என்றான். எனக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

ஸெல்மாவுக்கு அப்புறம் கல்யாணம் ஆயிற்று. அந்தப் போர்வையும் வீணாகவில்லை. இந்தக் குளிருக்கு ஒரு கட்டிலில் கதகதப்பாகக் கிடக்கிறது. யார் கட்டில்? தபால்காரன் கட்டிலா? அல்லது, ஓரின் என்றாலே இத்தனை காட்டமாகிற, இந்தக் கதையைச் சொல்கிற ஆசாமியின் கட்டிலா? இப்படி உங்களுக்குள் ஒரு கணக்கு ஓடத் தொடங்கியிருக்குமே? ஓடுகிறதென்றால், உங்கள் மேலுதட்டைச் சற்றுத் தடவிப் பாருங்கள். ஏதோ ஒட்டியிருக்கும்.