அம்மா சூரியனாக உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமை

காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்களத்தில் அன்று இருந்தவர்கள்: என் அம்மா. கொட்டகலைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த காமாட்சி. அவளுடைய அப்பா. பக்கத்து வீட்டு மாரியாயி அக்கா. அவர் புருசன் வீரன் அண்ணன். எங்கள் லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் நாலு பேர். நான். எல்லோரையும் அதட்டிக்கொண்டு பெட்டிக்காரர்.

சூரியனை ஓர் இடத்தில் உட்கார வைத்த மனிதர் உலகத்திலேயே இவர் ஒருவர்தான். ஃபேக்டரியில் தேயிலைப் பெட்டிக்கு ஆணி அடிப்பது வேலை. பெயர் யாருக்கும் தெரியாது. ஒருநாள் ஹட்டனில் யாரோ பாதிரியார் திரையில் கிரகங்களின் படம் காட்டினார். இவர் அரை மணி நேரம் பார்த்தார். பிறகு ஆயுள் முழுக்க அதையே பேசினார்.

வேலைக்குப் பிந்தி வந்தால், "பூமி சுத்துற வேகம் கூடிப்போச்சுங்கய்யா" என்பார்.

"சரி, மிச்ச அரைப் பேரையும் பூமிக்கிட்டயே வாங்கிக்க" என்று கணக்கப்பிள்ளை பாதி நாள் சம்பளத்தை வெட்டிவிடுவார்.

அந்த ஞாயிறு கூடியது என் கல்யாண விசயமாக. காமாட்சியை எனக்குப் பிடித்திருந்தது. அவள் சாதகத்தில் செவ்வாய் தோசம். கட்டினால் புருசன் ஒரு வருடம் தாங்கமாட்டான் என்று ராகலைச் சோசியர் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை. முடியாது என்றாள். இதைக் கேட்டுப் பெட்டிக்காரர் கொதித்துவிட்டார்.

"செவ்வா எங்க கெடக்கு, நம்ம எங்க கெடக்கோம்! எல்லாரையும் களத்துக்கு வரச்சொல்லு. அது ஒன்னும் செய்யாதுன்னு கண்ணால காட்டுறேன்."

காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அம்மாவை உட்கார வைத்தார்.

"அக்கா, நீங்கதான் சூரியன். தொர மாதிரி. நீங்க அசையக் கூடாது. நாங்கதான் சுத்தணும்."

அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். அவளை யாரும் அதுவரை துரை என்று சொன்னதில்லை.

சுண்ணாம்பால் ஒன்றுக்கு வெளியே ஒன்றாக வட்டம் போட்டிருந்தார். புதனும் வெள்ளியும் லயத்து ஆட்கள். மூன்றாவது வட்டம் பூமி, நான். நாலாவது செவ்வாய், காமாட்சி. காமாட்சியின் அப்பா பெரிய உடம்பு. வியாழன் ஆனார். மாரியாயி அக்கா கூடைக் கயிற்றைத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு சனி ஆனார். சனிக்கு வளையம் உண்டாம். யுரேனஸ், நெப்டியூன் மற்ற இரண்டு பேர்.

"ஏன் தம்பி, ராகு கேது எங்க?" என்றார் வியாழன்.

"பேர வெட்டியாச்சுங்க. புதுசா மூணு பேரப் பதிஞ்சிருக்காங்க."

வீரன் அண்ணன் புளூட்டோ. கடைசிக் கிரகம்.

"இன்னும் தள்ளிப் போ!"

"இதுக்கு மேல போனா அடுத்த தோட்டம்டா!"

"அதான்டா புளூட்டோ! போ!"

அண்ணன் போனார். அடுத்த தோட்டத்தில் சாராயம் கிடைக்கும். மறுநாள்தான் வந்தார்.

சுற்றத் தொடங்கினோம். ஆறு நாள் மலை ஏறி இறங்கிய கால். ஏழாம் நாள் அம்மாவைச் சுற்றியது. பூமி வேகமாகப் போக வேண்டும், செவ்வாய் மெதுவாக. அவளைத் தாண்டும்போது காமாட்சி மெல்லக் கேட்டாள்.

"எத்தன சுத்துங்க?"

"அவருக்கே தெரியாது."

நாங்கள் பேசிய முதல் பேச்சு அது.

"பாத்தீங்களா அக்கா? அதது அதோட பாதையில போகுது. பூமிய செவ்வா தொட்டுச்சா?"

அம்மா பார்த்தாள். செவ்வாயின் மேலேயே கண். அது போகும் பக்கமெல்லாம் கழுத்தைத் திருப்பினாள். காலையில் வெறும் தேத்தண்ணிதான் குடித்திருந்தாள். தலை சுற்றிப் பெட்டியிலிருந்து சரிந்தாள்.

பாதையை விடக்கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. சனியும் வியாழனும் நின்ற இடத்தில் நின்று கத்தினார்கள். நான் எதிர்ப்பக்கம் இருந்தேன். காமாட்சி கோட்டைத் தாண்டி ஓடினாள்.

"செவ்வாயே! பாதைய விடாத! சூரியன்ல விழுந்துருவ!" என்று அலறினார் பெட்டிக்காரர்.

அவள் காதில் வாங்கவில்லை. அம்மாவைத் தாங்கி மடியில் சாய்த்து, நெற்றியில் கை வைத்தாள். அம்மா கண் திறந்தாள்.

"நீதான செவ்வா?"

"ஆமாங்க அத்தை."

"நெருப்புன்னானே சோசியன். கை இப்பிடி சில்லுன்னு இருக்கு."

கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தாள். பிறகு காமாட்சியின் அப்பாவைப் பார்த்து, "தையில வச்சுக்குவமா?" என்றாள்.

எல்லோருக்கும் சந்தோசம். பெட்டிக்காரருக்கு மட்டும் இல்லை. "இன்னும் பத்து நிமிசம் பொறுத்திருந்தா நிரூபிச்சிருப்பேன். கெடுத்துட்டா" என்றார். கல்யாணத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே இரண்டு தடவை பந்தியில் உட்கார்ந்தார். காமாட்சியை வழியில் கண்டால், "பாதைய விட்ட கெரகம் வருது, ஒதுங்குங்க" என்பார். அவள் சிரித்துக்கொண்டே தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பாள். வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பவும் திட்டுவார்.

போன மழைக்காலத்தில் பெட்டிக்காரர் நெஞ்சில் சளி கட்டி இறந்துபோனார். உறவென்று யாரும் வரவில்லை. முதல் பிடி மண் நான் போட்டேன். காமாட்சி அன்று அடுப்புப் பற்ற வைக்கவில்லை.

சோசியர் எனக்குச் சொன்னது ஒரு வருடம். இந்தத் தையோடு பதின்மூன்று.