அங்கம்மாளின் முதுகும் புலியின் இங்கிலீஷும்

ஒரு காட்டில், அதுவும் செல்போன் கோபுரம் முளைத்துவிட்ட ஒரு காட்டில், அங்கம்மாள் என்றொரு சருகுமான் இருந்தாள். முயலைவிடக் கொஞ்சம்தான் பெரியவள். வயிற்றில் பிள்ளை. மழைக்கு முன்னால் பெற்றுப் பிழைக்க வேண்டும், அதற்கென்று விழுந்து கிடந்த பலாமரத்தில் ஒரு பொந்தைப் பார்த்து வைத்திருந்தாள். ஒருநாள் மேய்ந்துவிட்டு வந்து பார்த்தால், பொந்துக்குள் சடையாண்டி என்கிற முள்ளம்பன்றி குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இது என் வீடுண்ணே."

"அப்படியா? உள்ள வந்து எடுத்துக்கோ," என்று முள்ளைச் சிலிர்த்துக் காட்டினான் சடையாண்டி.

முள்ளோடு யார் மல்லுக்கு நிற்பது? அங்கம்மாள் அழுதுகொண்டே புலிராஜா மார்த்தாண்டனிடம் போனாள். ஒரு மான் போயும் போயும் புலியிடமா நியாயம் கேட்கும் என்பீர்கள். வேறு யாரிடம் போவதாம்? அந்தக் காட்டுக்கு அரசாங்கம் என்றால் அவர்தான். ராஜா வயிறு நிறைந்து ஏப்பம் விடுகிற நேரமாகப் பார்த்துப் போனாள், அந்த மட்டும் புத்திசாலி.

மார்த்தாண்டனுக்குச் சமீபத்தில் இங்கிலீஷ் பித்துப் பிடித்திருந்தது. காட்டோரத்துச் சுற்றுலா விடுதியில் மேனேஜர் போனில் பேசுவதை, வேலிக்குப் பின்னால் படுத்துக் கேட்டுக் கேட்டு ஒரே ஒரு வாக்கியத்தைப் பிடித்து வைத்திருந்தார். அங்கம்மாள் சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக் கேட்டார். "எந்த இடம்?" என்றார். பலாமரப் பொந்து என்றாள். ராஜா மீசையை நக்கிக்கொண்டு, "வீ வில் கெட் பேக் டு யூ," என்றார்.

அப்படியென்றால் என்னவென்று ராஜாவிடமே கேட்க அவளுக்குத் தைரியமில்லை. நேரே மைனா ஜெசிந்தாவிடம் ஓடினாள். எஸ்டேட் பள்ளிக்கூட ஜன்னலிலேயே வளர்ந்தவள் ஜெசிந்தா. இங்கிலீஷ் என்றால் காட்டுக்கே அவள் வைத்ததுதான் சட்டம்.

"கெட்டுன்னா வாங்கு. பேக்குன்னா முதுகு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள், சட்டென்று அலகைத் திறந்தபடி நின்றாள். "அடியே அங்கம்மா! உன் முதுகை வாங்கிருவோம்னு சொல்லியிருக்காருடி!"

"கடைசியில டு யூன்னாரே அக்கா?"

"உனக்குத்தான்னு அழுத்திச் சொல்றாரு. வேற யாருக்கும் இல்லையாம்."

அங்கம்மாள் வந்த வழியே திரும்பினாள். அந்த வயிற்றோடு எங்கே ஓட? கடைசியாக ஒருமுறை பொந்தையாவது பார்ப்போம் என்று வந்தவள், வாசலில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"என்னடி ஒப்பாரி?" என்று உள்ளேயிருந்து அதட்டினான் சடையாண்டி.

"ராஜா என் முதுகை உரிக்க வர்றாராம்ணே. எந்த இடம்னு கேட்டாரு, இந்தப் பொந்துதான்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

சடையாண்டியிடம் சொத்தென்று இருந்ததே முதுகு ஒன்றுதான். இருட்டுப் பொந்துக்குள் கையை விடுகிற புலி, யார் மான், யார் பன்றி என்று விசாரித்துக்கொண்டா இருக்கும்? அவன் போன வேகத்தில் பாதி முள் வாசலிலேயே உதிர்ந்துவிட்டது.

அங்கம்மாளும் பின்னாலேயே ஓடத்தான் நினைத்தாள். ஆனால் வலி கண்டுவிட்டது. வருவது வரட்டும் என்று பொந்துக்குள் நுழைந்து படுத்தாள். ஒரு சருகு அசைந்தாலும் புலிதான் என்று நடுங்கினாள். அந்த நடுக்கத்திலேயே குட்டி பிறந்தது. மழையும் வந்தது. புலி மட்டும் வரவில்லை.

வந்தது ஜெசிந்தாதான். முகத்தில் அசடு வழிந்தது.

"தப்பாச் சொல்லிட்டேன்டி. அந்த விடுதியில போய் உட்கார்ந்து கவனிச்சேன். மேனேஜர் ஊர்ப்பட்ட பேர்கிட்ட இதையேதான் சொல்றான். வெந்நீர் வரலைன்னாலும் இதான், மெத்தையில மூட்டைப்பூச்சின்னாலும் இதான். சொன்னதுக்கப்புறம் ஒருத்தர்கிட்டயும் திரும்பப் பேசினதே இல்ல."

"அப்ப அதுக்கு என்னதான் அர்த்தம்?"

"பார்த்துச் சொல்றோம்னு அர்த்தம். அதாவது, பார்க்கவும் மாட்டோம், சொல்லவும் மாட்டோம்."

அங்கம்மாளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. குட்டியை நக்கிக்கொடுத்துவிட்டு, பல நாளைக்கப்புறம் காலை நீட்டித் தூங்கினாள்.

சேதி சடையாண்டியின் காதுக்கும் போயிற்று. ஒரு வெற்று வாக்கியத்துக்குப் பயந்து வீட்டை விட்டோமே என்று கொதித்துப்போனான். நேரம் காலம் பார்க்காமல் ராஜாவின் முன்னால் போய் நின்றான். முந்தாநாள் ஒரு காட்டெருமையிடம் உதை வாங்கியதிலிருந்து ராஜா பட்டினி கிடந்தார்.

"மகாராஜா, அந்தப் பொந்து எனக்கு வேணும். இங்கிலீஷ்ல மழுப்புற வேலையெல்லாம் வேணாம். நல்ல தமிழ்ல, இன்னிக்கே முடிவு சொல்லுங்க!"

மார்த்தாண்டன் எழுந்தார். அவனைச் சுற்றி வந்து, முள் இல்லாத முகத்துப் பக்கமாக உட்கார்ந்தார்.

"அதுக்கென்னப்பா," என்றார் வாஞ்சையோடு. "இப்பவே கவனிச்சிடறேன்."

கவனித்துவிட்டார்.

நீதி: மேலிடம் இங்கிலீஷில் பதில் சொன்னால் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கு, தமிழில் அன்பாகச் சொன்னால், திரும்பிப் பார்க்காமல் ஓடு.