சேவியருக்கு வரைந்த போன்

ஈரச் சுவரில் பூசிய பெயிண்டும் பக்கத்தில் காயும் நெத்திலியும் சேர்ந்தால் ஒரு வாசம் வரும். அது மூக்கில் ஏறினால் போதும், உயிரோடிருந்த ஒரு மனிதரைக் கொன்றவள் நான் என்பது நினைவுக்கு வந்துவிடும்.

இராஜாக்கமங்கலம் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில், கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழியிலுள்ள சுவரில் ஊராரோடு சேர்ந்து ஓவியம் வரையக் கூப்பிட்டிருந்தார்கள். (மாதச் சம்பளமில்லாத ஓவியருக்குச் சுவர் கிடைப்பதும் சொத்து கிடைப்பதும் ஒன்றுதான்.) கடலோடிகளின் முகங்களை வரையலாம் என்றேன். வீட்டுக்கொரு படம் கேட்டேன். வந்ததெல்லாம் சட்டம் போட்ட படங்கள். சிலவற்றில் காய்ந்த பூ ஒட்டியிருந்தது. வேறு யாராயிருந்தாலும் புரிந்திருக்கும். நானோ, அலை எங்கே முடிந்து நுரை எங்கே தொடங்குகிறது என்ற யோசனையில் கிறங்கிக் கிடந்தேன்.

ஜெசிந்தா மட்டும் போனிலிருந்து படம் அனுப்பினாள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கணவர் சேவியருக்கு வளைகுடாவில் மீன்பிடிப் படகில் வேலை. எல்லோருக்கும் வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்குப் பின்னால் மஞ்சள் வட்டம் வைத்து, கீழே பெயர் எழுதினேன். எனக்கு அது உதய சூரியன். ஊருக்கு அது ஒளிவட்டம்.

மறுநாள் ஜெசிந்தா ஓடி வந்தாள்.

"யக்கா, எனக்க மாப்பிள்ளைய என்னத்துக்குச் செத்தவியளுக்கக் கூட நிறுத்துனிய?"

"செத்தவங்களா? யாரு செத்தது?"

"எல்லாருந்தான். இவரத் தவிர."

காலையிலிருந்து அவள் வீட்டுக்குத் துட்டி கேட்டுத் துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்துகொண்டிருந்தார்களாம். உயிரோடு இருக்கிறார் என்று அவள் சொல்லச் சொல்ல, இரணியலிலிருந்து வந்த அவள் மாமா தலையைத் தடவி, "ஆமா மக்கா, இருக்காரு, நம்ம மனசுல" என்று தேம்பியிருக்கிறார். சேவியரோ ஆழ்கடலில், லைன் கிடைக்கவில்லை. அந்த வாரம் கல்லறைத் திருநாள். இறந்தவர்களின் பெயர்களைச் சொல்லி ஜெபிப்பார்கள். மாமா சேவியர் பெயரையும் கொடுத்துவிட்டார்.

"உயிரோட இருக்கவரு பேர கல்லறையில வாசிச்சா, பெறவு அவரு எந்த தைரியத்துல கடலுக்குப் போவாரு யக்கா?"

"அழிச்சிரட்டுமா?"

"அழிச்சா உறுதின்னுல்லா நெனைப்பாவ."

உயிரோடிருப்பதற்கு அடையாளம் என்ன? யோசித்து யோசித்து, சேவியர் கையில் ஒரு செல்போன் வரைந்தேன். ஜெசிந்தா சிரித்தாள். நான் என்னையே மெச்சிக்கொண்டேன்.

மத்தியானம் ஸ்டெல்லா வந்தாள். அவள் தம்பி புயலில் போனவன். அவனும் அந்தச் சுவரில் இருந்தான்.

"எனக்கத் தம்பிக்கும் ஒரு போனு வச்சுக் குடுங்க. அவனுக்க போனு கடலோட போச்சு. நான் இப்பவும் அடிச்சுப் பாக்கேன்."

மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? வரைந்தேன். சாயங்காலத்துக்குள் சுவரிலிருந்த அத்தனை பேர் கையிலும் போன்.

ஜெசிந்தா வந்து பார்த்தாள். "இப்ப திரும்பவும் செத்துட்டாரு."

"பக்கத்துல உன்னையும் வரையட்டுமா?"

"என்னையும் கொல்லணுமா?"

திருநாளன்று மெழுகுதிரியும் பூவுமாக ஊர் கிளம்பியது. ஜெசிந்தா சுவரோரம் நின்றாள். எனக்குச் சுவருக்குள் புகுந்துவிடலாம் போலிருந்தது. அப்போது அவள் போன் அடித்தது. வீடியோ கால். படத்துக்குப் பக்கத்தில் போனைத் தூக்கிப் பிடித்தாள். மாமா சுவரைப் பார்த்தார், போனைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார்.

"ஏலே, நீ சாவலியா?"

"மாமா, நான் இப்பந்தான் கரையில எறங்குனேன்."

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பெயரை எடுக்கச் சொல்ல ஓடினார். எடுத்துவிட்டார்கள்.

பிறகு அந்தச் சுவரின் படத்தைப் பெரிதாக்கி நாகர்கோவில் கேலரியில் மாட்டினோம். போன்களுக்கு என்ன அர்த்தம் என்று ஒருவர் கேட்டார். தொலைவு, மௌனம் என்று நெடுநேரம் பேசினேன். அவர் தலையாட்டினார், எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. இன்றைக்கும் யார் படத்தையாவது நான் வரைய எடுத்தால், "ஆளு இருக்காரா? கேட்டியா?" என்பார் என் வீட்டுக்காரர்.

விடுமுறையில் வந்த சேவியரும் ஜெசிந்தாவோடு கேலரிக்கு வந்தார். தன் முகத்தைப் பார்த்துச் சிரித்தவர், ஸ்டெல்லாவின் தம்பி முன்னால் வெகுநேரம் நின்றார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"எனக்கு ஒருநாள் என்னமும் ஆனாலும், அந்தப் போன மட்டும் அழிச்சிராதீங்க யக்கா. இவளும் அடிச்சுப் பாப்பா."