பலகையரும் பள்ளிக்கூடத்து நாலு படியும்

படிக்கட்டைத் தன் சொந்த எதிரியாக நினைத்து வாழ்ந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அந்த ஒருவரும் எங்கள் ஒழுங்கையின் முனை வீட்டில் குடியிருந்தார் என்றால், அதை என் தலையெழுத்து என்றுதான் சொல்லவேண்டும்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. இத்தனை பழகியும் கேட்காமல் விட்டது மரியாதையில்லை என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் திருகோணமலையில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தபாற்காரர்கூட 'பலகையர்' என்றுதான் கூப்பிடுவார்.

துறைமுகத்தில் கப்பலுக்கும் இறங்குதுறைக்கும் நடுவே பலகை போடுவது அவருடைய வேலை. மூட்டை சுமக்கிறவர்கள் அதில்தான் ஏறி இறங்குவார்கள். முப்பத்தைந்து வருடம் பலகை போட்டு, பலகை எடுத்து, ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தார். வீட்டுக்கு வந்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. கடல் இல்லாத இடத்திலும் பலகை போடத் தொடங்கினார். எங்கே இரண்டு படியைக் கண்டாலும் நின்றுவிடுவார். மடக்கு அளவுகோலை விரித்து உயரம் பார்ப்பார். பிறகு அந்த வீட்டுக்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டுவார், ஏதோ அவர் களவாக அந்தப் படியைக் கட்டி வைத்தது போல.

கேட்டுச் செய்கிற வழக்கம் அவரிடம் கிடையாது. காலையில் கதவைத் திறந்தால் வாசலில் பலகை கிடக்கும். அவ்வளவுதான்.

காசிம் காக்காவின் கடைக்கும் இப்படித்தான் பலகை வந்தது. கோட்டைப் பக்கத்து றோட்டில், ஊருக்கே காக்காவாக, அதாவது அண்ணனாக, அவர் மளிகைக் கடை வைத்திருந்தார். ஒரு கால் இல்லாத பெரியவர் ஒருவர் ஊன்றுகோலோடு தினமும் றோட்டில் நின்று, "காக்கா, ஒரு கட்டுப் பீடி!" என்று கத்துவார். கடைக்கு மூன்று படி. அவரால் ஏற ஏலாது. பலகையர் இதைக் கண்டார். அடுத்த நாள் விடியப் பலகை கிடந்தது. அதில் முதலில் ஏறினது அந்தப் பெரியவர் அல்ல. கோட்டைப் பக்கத்தில் ஆடுமாடு போலத் திரிகிற மான்களில் இரண்டு.

"என்ன வேலை பார்த்தனீங்கள்? இது கடையா, கப்பலா?" என்று காசிம் காக்கா பாய்ந்தார்.

"மான் ஏறினதோ?"

"ஏறாமல்? கதலிக் குலையில பாதி போயிட்டுது!"

"வழுக்கேல்லையே?"

"அது ஏன் வழுக்குது? ராசா மாதிரி வந்து திண்டிட்டுப் போகுது!"

"அப்ப சரிவு சரி" என்று சொல்லிவிட்டுப் பலகையர் போய்விட்டார்.

அன்றைக்கே பெரியவரும் கடைக்குள் ஏறினார். ஏறினவர் அரிசி மூட்டையில் உட்கார்ந்து மத்தியானம் வரை இறங்கவில்லை. "முந்தி றோட்டில நிண்டு பீடி மட்டும் கேட்டார். இப்ப உள்ளுக்க வந்து உலகத்துக் கதையெல்லாம் சொல்லுறார்" என்று காசிம் காக்கா என்னிடம் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் பலகையை எடுக்கவில்லை. மானுக்குக் குறுக்கே ஒரு மூங்கில் தடியைக் கட்டினார். பெரியவர் வந்தால் எழுந்துபோய் அதை அவிழ்த்துவிடுவார்.

இப்படிப்பட்ட மனிதரின் கண்ணில் என் மகள் வதனி பட்டாள்.

வதனிக்கு இரண்டு வயதில் போலியோ வந்தது. இரண்டு காலும் வழங்கவில்லை. ஒரு தச்சரைப் பிடித்து, கதிரைக்குச் சைக்கிள் சில்லுப் பூட்டி ஒரு சில்லுக் கதிரை செய்வித்திருந்தோம். சமதரையில் அது ஓடும். படி வந்தால் நான் தூக்குவேன். நடக்கக்கூடிய பிள்ளையைத் தூக்கிச் செல்லம் கொடுக்கிறேனோ என்று முதலில் யோசித்தேன். பிறகு, நடக்க ஏலாத பிள்ளையை நடக்கச் சொல்லி வதைக்கிறேனோ என்று யோசித்தேன். யோசித்து முடிவதற்குள் அவளுக்கு ஆறு வயதாகிவிட்டது.

ஒருநாள் சந்தைக்குப் போகிற வழியில் பலகையர் எதிரே வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை. குனிந்து வதனியிடம் கேட்டார்: "குஞ்சு, உன்ர வண்டி எத்தனை அங்குலப் படி ஏறும்?"

"ஏறாது. அம்மா தூக்குவா."

"அம்மா என்ன பாரந்தூக்கியோ?"

வதனி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. வயதுக்கு மூத்தவர் என்று பொறுத்துக்கொண்டு கதிரையைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். அன்று முழுக்க வீட்டில் "பாரந்தூக்கி அம்மா, தண்ணி தாங்கோ" என்றுதான் கதை.

அந்த வருடம் அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். வகுப்புக்கு நாலு படி. தலைமை ஆசிரியையைப் பெரிய ரீச்சர் என்போம். பொல்லாதவர் இல்லை. "பிள்ளையைச் சேர்க்கிறதில எனக்குத் தடையில்லை. படியால ஆர் ஏத்திறது?" என்று கேட்டார். "நான் ஏத்துவன் ரீச்சர்" என்றேன். முதலாம் தவணை முழுக்கக் காலையில் தூக்கி ஏற்றி, இடைவேளைக்குத் தூக்கி இறக்கி, மறுபடி ஏற்றி, விட்டபிறகு இறக்கினேன்.

அப்போதுதான் நான் இரண்டாவது தரம் கர்ப்பமானேன். இனி ஒரு குடம் தண்ணீரும் தூக்கக்கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என் கணவருக்கோ மூதூரில் உத்தியோகம். விடியற்காலை குடாவைக் கடக்கிற முதல் லாஞ்சியில் போனால் பொழுதுபடத்தான் வருவார். அம்மா கிளிவெட்டியில் அறுவடையை விட்டு வர ஏலாது. போய்ப் பெரிய ரீச்சரிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "பிள்ளை பிறந்து நீங்கள் தேறினபிறகு, அடுத்த வருஷம் பாப்பம்" என்றார்.

வதனி சிலேற்றைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள். "தம்பிப் பாப்பா வந்தால் நான் படிக்கத் தேவையில்லையோ அம்மா?" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்து கல்விக் கந்தோருக்கு ஒரு கடிதம் எழுதினேன். 'தாழ்மையுடன்' என்று மூன்று இடத்தில் போட்டிருந்தேன். இரண்டு போதுமென்று திருப்பி எழுதினேன். இது மரியாதைக் குறைவாகுமோ என்று மூன்றாவதையும் திருப்பிச் சேர்த்து எழுதினேன். கவனிப்பதாக மறுமொழி வந்தது. கவனித்துக்கொண்டே இருந்தார்கள்.

ஒழுங்கையால் போன பலகையரிடம் வதனி எல்லாவற்றையும் ஒப்புவித்துவிட்டாள். நான் ஓடிவந்தேன்.

"ஐயா, தயவுசெய்து நீங்கள் ஒண்டும் செய்யவேண்டாம். கந்தோருக்கு எழுதியிருக்கிறன். முறையாய் வரட்டும்."

"ஓம் பிள்ளை, வரட்டும். முறையாய் வரட்டும்" என்றார். அவ்வளவு பணிவாகச் சொன்னபோதே நான் பயந்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலையில் பெரிய ரீச்சர் ஆள் அனுப்பினார். வதனியையும் தள்ளிக்கொண்டு போனேன். பள்ளிக்கூடமே முற்றத்தில் நிற்கிறது. நாலு படியையும் மூடி, அகலப் பலகை இரண்டை ஒன்றாகப் பூட்டி, பதினாறடி நீளத்தில் ஒரு சரிவு. பக்கத்தில் பலகையர், துவைத்த வேட்டியோடு.

"ஆர் உங்களுக்கு உத்தரவு தந்தது?" என்றார் பெரிய ரீச்சர்.

"ஆரும் தரேல்லை."

"அப்ப எடுங்கோ."

"எடுக்கிறன் ரீச்சர். ஒண்டே ஒண்டு கேக்கிறன். துறைமுகத்தில ஒரு கோதுமை மா மூட்டை இறக்கிறதெண்டாலும் பலகை போடாமல் ஒருத்தனும் வேலை தொடங்கமாட்டான். மூட்டை விழுந்து கிழிஞ்சால் துரை குதிப்பான். மா மூட்டைக்கு இருக்கிற மரியாதை இந்தக் குஞ்சுக்கு இல்லையோ?"

முற்றத்தில் நின்ற எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சத்தியமாய் நான் சொல்லி இவர் வரேல்லை ரீச்சர்" என்றேன். எனக்காகப் பேசுகிற மனிதரை முதலில் கைவிட்டது நான்தான். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

பெரிய ரீச்சர் சேலையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு பலகையில் ஏறிப் பார்த்தார். நடுவில் நின்று ஒருதரம் காலால் அழுத்தினார். "கந்தோரிலயிருந்து மறுமொழி வருமட்டும் தற்காலிகமாய்க் கிடக்கட்டும்" என்றார்.

வதனி திரும்பவும் பள்ளிக்கூடம் போனாள். ஆனால் நிம்மதி வரவில்லை. மூட்டை சுமக்கிறவர்களின் வெறுங்கால் வழுக்காமலிருக்கத் துறைமுகப் பலகையில் முழத்துக்கு ஒரு குறுக்குச் சட்டம் அடிப்பார்கள். பழக்கதோஷத்தில் பலகையர் இதிலும் அடித்திருந்தார். சில்லுக் கதிரை அதன்மேல் கடகடகடவென்று ஏறினால் மூன்று வகுப்பில் பாடம் நிற்கும். வதனியின் ஆடிக்கொண்டிருந்த பால்பல் இரண்டாம் நாளே விழுந்துவிட்டது.

"ஐயா, பிள்ளையின்ர பல்லுக் கழருது!"

"சட்டமில்லாமல் பலகையோ? ஆரும் கேள்விப்பட்டதுண்டோ?"

இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் சில்லு ஓடுகிற இரண்டு பக்கமும் சட்டத்தை அறுத்தெறிந்து, தள்ளுகிறவர் கால்வைக்க நடுவில் மட்டும் விட்டார்.

அதைவிட மோசம், பலகை எடுக்கிற விஷயம். வேலை முடிந்தால் பலகை கிடக்கக்கூடாது என்பது துறைமுகத்து முறை. கப்பல் அசைந்தால் பலகை கடலுக்குள் போய்விடும். ஆகவே கடைசி மணி அடித்ததும் பலகையர் பள்ளிக்கூடத்துக்கு வந்து, ஒரு பெருஞ்சத்தம் போட்டுப் பலகையைக் கயிற்றால் இழுத்துச் சுவரோரம் வைத்துவிட்டுப் போவார். விடிய வந்து திரும்பப் போடுவார். நானும் மணிக்கு முன்னமே போய் வதனியை இறக்கிவிடுவேன்.

ஒருநாள் மருத்துவிச்சி வந்ததால் எனக்குப் பிந்திவிட்டது. மூச்சு வாங்க நடந்துபோய்ப் பார்த்தால், பலகை சுவரோரம் கிடக்கிறது. பலகையர் இல்லை. மேலே விறாந்தையில் வதனி தனியாகக் கதிரையில். பெரிய ரீச்சரும் எங்கோ கூட்டத்துக்குப் போய்விட்டார். டொக்டர் சொன்னது தெரியும். ஒரே ஒரு தரம்தானே, தூக்கினால் என்ன என்று சேலையை இழுத்துச் செருகினேன்.

"அம்மா, விலகுங்கோ!" என்றாள் வதனி. பிறகு, முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்துத் பலகையரைப் போலவே, துறைமுகமே அதிர்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டாள். "ஏய், பலகை! பத்துப்பேர் இந்தப் பக்கம், பத்துப்பேர் அந்தப் பக்கம்! தூக்கு! அங்க என்ன, கஞ்சி குடிக்கேல்லையோ? வலிச்சுப் பிடி!" நடுவில் இன்னொரு சொல்லும் வந்தது. அதை இங்கே எழுத ஏலாது. அதன் கருத்தை இரவு என் கணவரிடம் கேட்டபோது இவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

இருபது பிள்ளைகளும் பலகையைத் தூக்கிப் படியில் போட்டார்கள். இரண்டு பெண்பிள்ளைகள் பின்னால் பிடிக்க, வதனி இறங்கி வந்தாள். நான் அவளைக் கூட்டிக்கொண்டு நேரே பலகையர் வீட்டுக்குப் போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாக மூத்தவர் ஒருவரோடு சத்தம் போட்டேன்.

"பிள்ளை மேல நிக்கப் பலகையை எடுத்துப்போட்டு வந்திட்டீங்களே!"

அவர் முகம் வெளிறிவிட்டது. "நீங்கள் இறக்கிப்போட்டீங்களெண்டு மேல பாக்கேல்லை. மணி அடிச்சால் எடுக்கிறதுதானே பிள்ளை முறை..."

"அது கப்பல் ஐயா! பள்ளிக்கூடம் எங்க போகப்போகுது?"

கதிரையில் உட்கார்ந்தார். "ஓம், மெய்தான் என்ன" என்றார் கடைசியில். "அது போகாது."

அதன்பிறகு பலகையை எடுக்கவில்லை. ஆனால் மணி அடிக்கிற நேரத்துக்கு வருவார். கயிற்றைக் கையில் எடுப்பார். ஒரு பெருமூச்சு விட்டுக் கீழே போட்டுவிட்டுப் போவார்.

ஒன்றை எழுதாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். அது சரியில்லை. எங்கள் வீட்டு வாசலிலும் இரண்டு படி உண்டு. பள்ளிக்கூடத்துப் பலகை போட்ட அந்தக் கிழமைக்குள்ளேயே அவர் வந்து, "இதுக்கும் போடட்டோ பிள்ளை?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வீட்டுச் சொந்தக்காரருக்குப் பிடிக்காது என்று ஒரு சாட்டுச் சொன்னேன். உண்மை அதுவல்ல. வாசலில் பலகை கிடந்தால், போகிற வருகிறவர்கள் எல்லோருக்கும் இது எப்படிப்பட்ட பிள்ளை இருக்கிற வீடு என்று தெரிந்துவிடும். தெரியாமல் இருந்ததாக நினைத்தேனோ என்னவோ.

ஆகவே இவர் விடியற்காலை லாஞ்சிக்குப் போகும்போது வதனியைத் தூக்கிக் கதிரையோடு தெருப் படலையடியில் இறக்கிவிடுவார். பள்ளிக்கூட நேரம் வரும்வரை அவள் அங்கேயே இருப்பாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தாலும் இவர் பொழுதுபட வந்து தூக்கும்வரை அங்கேதான். மாரி தொடங்கியது. ஒருநாள் காலை சாய்ந்தடித்தது மழை. குடை பிடித்தும் பிள்ளை நனைந்துகொண்டிருந்தாள். சிலேற்றில் எழுதின வீட்டுப்பாடம் அழியாமல் அதைச் சட்டைக்குள் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் குடையைக் கொடுத்துப் பிள்ளைக்குப் பிடிக்கச் சொல்லிவிட்டு, வயிற்றையும் தூக்கிக்கொண்டு ஒழுங்கை முனைக்கு நடந்தேன்.

"ஐயா, எங்கட வாசலுக்கும்..." என்று தொடங்கினேன்.

அவர் நான் முடிக்குமுன்பே எழுந்தார். கொட்டிலுக்குள் போய் ஒரு பலகையை இழுத்து வந்தார். எங்கள் இரண்டு படிக்கும் அளவெடுத்தது போல இருந்தது. சில்லு ஓடுகிற இடம் இழைத்திருந்தது. நடுவில் மட்டும் சட்டம். கதிரை விலகி விழாமல் இரண்டு ஓரமும் வரம்பு. தூசி படிந்து, சிலந்தி கூடு கட்டியிருந்தது.

"இதை எப்ப ஐயா செய்தனீங்கள்?"

"நீங்கள் வேண்டாமெண்டு சொன்ன அண்டைக்கு."

ஊர் முழுக்க யாரையும் கேளாமல் பலகை போட்ட மனிதர், எங்கள் வாசலுக்கு மட்டும் நான் வாய் திறக்கும்வரை காத்திருந்திருக்கிறார்.

பலகையைத் தூக்கித் தலையில் வைத்தார். "நனையாமல் கீழ வாங்கோ பிள்ளை" என்றார். அந்தப் பலகையின் கீழே, அவர் முன்னும் நான் பின்னுமாக, மழைக்குள் நடந்தோம். எனக்காக அவர் மிகவும் மெதுவாக நடந்தார்.